அமுக்கிப் பிடித்தால் மூடும் கதவு

அமெரிக்காவுக்கு வந்த முதல் ஏழு வருடங்கள் அடுக்குமாடி வாடகை வீட்டில்தான் இருந்தோம். குழாய் ஒழுகினாலும் ஹீட்டர் நின்றாலும் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க ஒருவர் வருவார், சரி செய்துவிட்டுப் போவார். என்ன கோளாறு என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சொந்த வீட்டுக்கு மாறிய பிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. எங்களுக்கு உறைத்தது கராஜ் கதவில்.

வீடு வாங்குவதற்கு முன் ஆய்வாளர் கொடுத்த அறிக்கை அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. கூரையையும் அஸ்திவாரத்தையும் பற்றி வரிவரியாகப் படித்தோம். கராஜ் பக்கத்தில், கதவு தடுக்கப்பட்டால் தானாகத் திரும்புகிறதா என்பதைச் சோதிக்கவில்லை, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. அதைக் கண் தாண்டிப் போய்விட்டது.

இரண்டு கார் நிற்கும் கராஜ். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். காரில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தினால் அது தூங்கி எழுகிற யானை மாதிரி முனகிக்கொண்டு மேலே போகும். குடிவந்த புதிதில் அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆறு வயது மகளுக்கு அது விளையாட்டு. சுவரில் இருக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, இறங்குகிற கதவுக்கடியில் குனிந்து வெளியே ஓடுவாள். நாங்களும் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கோடையில் குடிவந்தோம். நவம்பரில் தொல்லை ஆரம்பித்தது. மதியம் மூன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, காரை உள்ளே விட்டு ரிமோட்டை அழுத்தினால் கதவு ஒரு அடி இறங்கும், பிறகு நின்று மேலேயே போய்விடும். மோட்டாரில் இருக்கும் பல்பு கண் சிமிட்டும். காலையில் இந்தத் தகராறு இல்லை, மேகம் மூடிய நாளிலும் இல்லை. சுவர்ப் பொத்தானைக் கதவு தரையைத் தொடும்வரை விடாமல் அமுக்கிப் பிடித்தால் மூடிக்கொள்கிறது என்று என் மனைவி கண்டுபிடித்தாள். பெரிய கண்டுபிடிப்பு என்று பாராட்டினேன். மூன்று வாரம் அப்படியே ஓட்டினோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே தன் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடச் சொன்னார். என் அப்பா வயது இருக்கும், நாக்கு எழவில்லை. இன்றுவரை பெயரையே தவிர்த்துப் பேசி வருகிறேன். தன் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் கதவு இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அமுக்கிப் பிடிக்கும் வித்தையைப் பெருமையாகச் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்கள் அமுக்கிப் பிடித்திருக்கும்வரை அந்தக் கண் இரண்டும் குருடு. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கதவு நம்புகிறது. இங்கே நின்று பார்த்தால் கதவின் அடிப்பக்கம் தெரிகிறதா?”

தெரியவில்லை. பொத்தான் வீட்டுக்குள் போகும் வாசலை ஒட்டி இருக்கிறது. நடுவில் கார்.

அவர் குனிந்து கதவின் இரு ஓரங்களையும் காட்டினார். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு சென்சார்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது, எதிரில் இருப்பது வாங்கிக்கொள்கிறது. நடுவில் குழந்தையோ பூனையோ சைக்கிளோ வந்து கதிர் அறுந்தால், இறங்கும் கதவு திரும்பிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அனுப்புவதில் ஆரஞ்சு விளக்கு, வாங்குவதில் பச்சை. பச்சை அணைந்திருந்தது. எங்கள் கதவு மேற்கு பார்த்தது. வாங்கும் கண் வடக்கு ஓரத்திலிருந்து தெற்கைப் பார்க்கிறது. நவம்பர் பிற்பகலில் தென்மேற்கில் தாழ்ந்து நிற்கும் சூரியன் அதன் முகத்தில் நேராக அடித்துக் கூச வைக்கிறது. பெரியவர் தன் உள்ளங்கையைக் குடை மாதிரி அதன் மேல் பிடித்தார். பச்சை எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. மூன்று வாரமாக மோட்டார் கெட்டுவிட்டது என்று புலம்பியதற்கு விடை அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு இரண்டு சென்சாரையும் இடம் மாற்றினோம். இப்போது வாங்கும் கண் வடக்கைப் பார்க்கிறது, வெயில் தொல்லை போயிற்று. கதவு இறங்கும்போது ஒரு துடைப்பக் குச்சியைக் குறுக்கே நீட்டினேன். உடனே மேலே போனது. சரி, முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

“பாதிதான் முடிந்தது,” என்றார். “டூ பை ஃபோர் கட்டை இருக்கிறதா?”

இந்தக் கட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயர் இரண்டுக்கு நாலு. அளந்து பார்த்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை. இந்த நாட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. கடையில் நான் டேப்பை வைத்து அளந்து, தவறான கட்டை தருகிறார்கள் என்று வாதாடியிருக்கிறேன்.

கட்டையைக் கதவு வந்து உட்காரும் இடத்தில், நட்ட நடுவில், படுக்கவைத்தோம். கதவின் அடி கட்டையில் பட்டதும் 2 விநாடிக்குள் திரும்பி மேலே போக வேண்டும். எங்கள் கதவு இறங்கியது, கட்டையின் மேல் உட்கார்ந்தது, அழுத்தியது. மோட்டார் உறுமியது. நடுப்பலகை லேசாக வில் மாதிரி வளைந்தது. அப்புறம் சத்தம் நின்றது. கதவு கட்டை மேலேயே இருந்தது, திரும்பவே இல்லை.

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றரை அங்குலக் கட்டை. எனக்கு அவள் கணுக்கால்தான் தெரிந்தது.

கண் இருக்கும்போது இந்த இரண்டாவது சோதனை எதற்கு என்று கேட்டேன். கண் தன் உயரத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும் என்றார். வாசலில் பாதி வெளியே நிற்கும் காரை யோசித்துப் பாருங்கள்: கதிர் வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில் புகுந்து போய்விடும். கண்ணுக்குத் தெரியாததைக் கதவு தொட்டாவது உணர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் மற்றது காப்பாற்றும். இங்கே குழந்தைகள் இந்தக் கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்த பிறகு 1990இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் வீட்டுக் கராஜுக்கென்று தயாராகும் மோட்டார்களில், தொட்டுத் திரும்புவதோடு கண் மாதிரியான இன்னொரு பாதுகாப்பும் இருந்தே ஆக வேண்டும். எங்களிடம் இரண்டும் இருந்தன; ஒன்றை நாங்கள் அமுக்கிக் குருடாக்கி வைத்திருந்தோம், மற்றது எப்போது செத்தது என்றே தெரியாது.

ஏன் திரும்பவில்லை என்பதற்கு இன்னொரு சோதனை. கதவை முழுக்க மூடிய பிறகு, மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிடமிருந்து கதவை விடுவித்தோம். கதவு மூடியிருக்கும்போது மட்டும்தான் அதை இழுக்க வேண்டும். திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்பிரிங்கும் போயிருந்தால் மொத்தக் கனமும் தலையில் இறங்கும். பிறகு கையால் தூக்கச் சொன்னார். நல்ல கதவு ஒரு கையில் எழும்பும், இடுப்பளவில் விட்டால் அங்கேயே நிற்கும். எங்களுடையதை இருவரும் சேர்ந்து முக்கித்தான் தூக்கினோம். பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதுமே கீழே இழுத்தது.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மோட்டார் தள்ளிவிடுவதோடு சரி. நூறு கிலோவைத் தொடக்கூடிய அந்தக் கனத்தைச் சுமப்பது கதவுக்கு மேலே தண்டில் சுருட்டி முறுக்கியிருக்கும் ஸ்பிரிங். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை ஏறி இறங்குவதற்குச் செய்யப்பட்டது. தினம் நாலு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. எங்கள் வீட்டுக்கு வயது பதினொன்று. ஸ்பிரிங் சோர்ந்து கதவு கனத்தபோது, முன்பு இருந்த யாரோ மோட்டாரின் அழுத்தத்தைக் கூட்டி வைத்துச் சமாளித்திருக்க வேண்டும். பலமாக அழுத்தப் பழகிய கதவுக்கு, கட்டை ஒரு தடையாகவே தெரியவில்லை.

ஸ்பிரிங்கை நானே மாற்றலாமா என்று இணையத்தில் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர் ஒரே வார்த்தையில் “வேண்டாம்” என்றார். முறுக்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை கையை முறிக்கும். கதவின் கீழ் மூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் பட்டைகளும் அப்படித்தான். அந்தத் திருகைத் தொடக் கூடாது. மறுநாள் வந்த மெக்கானிக் இரும்புக் கம்பிகளைச் செருகிக் கால் கால் சுற்றாக முறுக்குவதைத் தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றினார். ஒன்று தேய்ந்தால் மற்றதும் அதே வயதுதானே. பிறகு மோட்டாரின் அழுத்தத்தைக் குறைத்துச் சரிபார்த்தார். கட்டையை வைத்தோம். கதவு தொட்டது, சுட்டது போல் விலகி மேலே போனது. மகள் கை தட்டினாள்.

நமக்கென்று மிச்சம் இருப்பது எண்ணெய் வேலை. கீல், சக்கரத்தின் பேரிங், ஸ்பிரிங் மூன்றுக்கும் சிலிகான் ஸ்பிரே. சக்கரம் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடக் கூடாது, துணியால் துடைத்தால் போதும். சக்கரம் உருள வேண்டுமே தவிர வழுக்கக் கூடாது. சென்சாரின் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டும், அதையும் துடைத்துவிட வேண்டும்.

சிவப்புக் கயிற்றை வீட்டில் எல்லோருக்கும் காட்டி வைத்தேன். மின்சாரம் போனால் காரை வெளியே எடுக்க அதுதான் வழி. கலிஃபோர்னியாவில் 2017 காட்டுத்தீயின்போது மின்சாரம் இல்லாமல் கராஜைத் திறக்க முடியாமல் பலர் தவித்தார்கள். 2019 ஜூலையிலிருந்து அங்கே புதிதாகப் பொருத்தும் மோட்டார்களில் பேட்டரி கட்டாயம். எங்கள் மாநிலத்தில் அப்படி இல்லை, எங்கள் மோட்டாரிலும் இல்லை. மாமியார் வந்து தங்கியிருந்தபோது அவரையும் ஒருமுறை இழுக்க வைத்தேன். “இதுக்கு ஸ்டூல் போடணும் மாப்பிள்ளை,” என்றார். கயிற்றை நீட்டிக் கட்டினேன்.

அந்தக் கட்டை கராஜிலேயே சாய்ந்து நிற்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மகள் அதைத் தூக்கி வந்து நடுவில் வைப்பாள். கதவு திரும்பினால் பென்சிலால் அதில் தேதி போடுவாள். கதவுக்கடியில் ஓடும் விளையாட்டு தடை, ரிமோட்டும் அவள் கைக்குக் கிடையாது. இந்தப் பென்சில் அதிகாரத்துக்காக இரண்டையும் விட்டுக்கொடுத்தாள்.

போன மாதம், புதிதாக வீடு வாங்கிய அலுவலகத் தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணா, கராஜ் கதவு பாதியிலேயே திரும்பிடுது. ஆனா பொத்தானை அமுக்கிப் பிடிச்சா ஜோரா மூடுது.”

“அமுக்காதே,” என்றேன். “கட்டையோட வர்றேன்.”