காய்ப்பு விழுந்த கை: கொழும்பு நாட்குறிப்பு

5 ஜூலை 2025, சனி

புதிய பிள்ளைகளுக்கான கராத்தே வகுப்பு இன்று தொடங்கியது. வெள்ளவத்தையில் நாங்கள் பயிலும் மண்டபத்தில் பகல் முழுவதும் ரியூஷன் நடைபெறுவதால், வாங்குகளை ஓரமாக அடுக்கித் தரையைத் துடைத்த பின்னரே வரிசையில் நிற்க முடியும். மகனைச் சேர்க்க வந்த ஒருவர், இதைப் பழகினால் தெருவில் இவனை ஒருவரும் தொடமாட்டார்கள் அல்லவா என்று எங்கள் ஆசானான சென்செய்யிடம் கேட்டார். சென்செய் சிங்களவர், எழுபதை நெருங்கியவர், தமிழ் நன்றாகப் பேசுவார். முதலாண்டில் பிள்ளை பழகப்போவது அடி வாங்குவதற்குத்தான் என்று அவர் சொன்னதும் தந்தையின் முகம் சுருங்கியது. ஆனாலும் பணத்தைக் கட்டிவிட்டார்.

அந்தப் பையனை என்னிடம் விட்டார்கள். கையைப் பொத்து என்றதும், முதல் நாள் வரும் பிள்ளைகள் பலரையும் போலவே பெருவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டான். அப்படிக் குத்தினால் முறிவது அவனுடைய விரல்தான். விரல்களை நிமிர்த்தி, நுனியிலிருந்து சுருட்டி மடக்கி, பெருவிரலை வெளியே குறுக்காக வைத்து, மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு ஒரே கோட்டில் நிற்கும்படி திருத்தினேன். ஆட்காட்டி விரலினதும் நடுவிரலினதும் முட்டிகள் மட்டுமே இலக்கில் படவேண்டும். வெறுங்கையை வீசி ஒருவனின் தலையில் குத்துபவர்களுக்குச் சுண்டுவிரலின் அடியிலுள்ள எலும்பு முறிவது மருத்துவர்கள் நன்கறிந்த காயம். மண்டையோடு கையைவிட உறுதியானது என்பதைத் தெருச்சண்டைக்காரர் பலர் எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

9 ஜூலை 2025, புதன்

நாளை எசல போயா எனும் பௌர்ணமி விடுமுறை என்பதால் நாளைக்கு வகுப்பு இல்லை. விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்திருக்கும் அக்காவின் மகன் இன்று எங்களோடு மண்டபத்துக்கு வந்தான். அவன் அங்கே, எதிராளியைத் தரையில் கிடத்தி மடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழகுகிறான். நாங்கள் காட்டா என்னும் வரிசைப்படுத்திய அசைவுகளைச் செய்யும்போது மரியாதையாகச் சுவரோரம் நின்று பார்த்தவன், வீட்டுக்கு நடந்து வரும்போது, "சின்னம்மா, வடிவாத்தான் இருக்கு. ஆனா ரோட்டில ஒருத்தன் வந்து கொலரைப் பிடிச்சா இது சரிவருமா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். எங்கள் பிள்ளைகள் முதலில் பழகும் ஹெயான் வரிசைக் காட்டாக்கள் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் பள்ளிக்கூடத்துக்கென்று அமைக்கப்பட்டவற்றின் வழிவந்தவை. அவற்றை அமைத்த இத்தொசு அங்கோ, 1908இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில், சிறுவயதிலேயே பழகும் மாணவர்கள் படைச்சேவைக்கு உகந்தவர்களாக வளர்வார்கள் என்று வாதிட்டார். வோட்டர்லூ வெற்றி பள்ளி விளையாட்டுத் திடலிலேயே பெறப்பட்டது என்று வெலிங்டன் பிரபு சொன்னதாக வழங்கும் கூற்றைக்கூட அதற்குத் துணையாக இழுத்தார். அவரிடம் பழகிய புனக்கோஷி கிச்சினும் ஒரு பள்ளி ஆசிரியரே. 1922இல் தோக்கியோவில் இக்கலையைச் செய்து காட்டி, பின்னர் அங்கேயே தங்கிப் பரப்பியவர். கராத்தேயில் முதல் அடி என்பது கிடையாது என்று வற்புறுத்தியவர். ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் படையினரை வெறுங்கையால் எதிர்க்கக் கண்டுபிடித்த கலை என்று எங்கள் பெற்றோர் கூட்டங்களில் ஆண்டுதோறும் சொல்லப்படும் கதை கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஆசான்களில் பலர் ஒக்கினாவா அரசவையை அண்டி வாழ்ந்த மேற்குடியினர். ஆகவே முப்பது பிள்ளைகளை ஒரே ஏவலில் முன்னும் பின்னும் நகர்த்தும் எங்கள் வகுப்பில் பாதி, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியே. அதில் எனக்குக் குறையில்லை. வாசலில் தொங்கும் பதாகையில் 'தற்காப்பு' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதில்தான் குறை.

பெறாமகனுக்கு அவனுடைய கலையின் பூர்வீகத்தையும் நினைவூட்டினேன். கானோ ஜிகோரோ 1882இல் நிறுவிய கொடோக்கானில் ஜூடோ பழகிய மயேதா மித்சுயோ, 1914இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே கிரேசி குடும்பத்துப் பையன் ஒருவனுக்குக் கற்பித்ததிலிருந்து கிளைத்தது அது. உடனே அவன் 1993இல் நடந்த முதலாவது யூ.எஃப்.சி. கூண்டுச் சண்டைப் போட்டியைச் சொன்னான், ரோய்ஸ் கிரேசி தன்னிலும் பருமனானவர்களைத் தரையில் கிடத்தி மடக்கினாராம். உண்மைதான். ஆனால் அந்தக் கூண்டுக்குள் எதிராளியின் மச்சான் பின்னாலிருந்து வந்து உதைக்கமாட்டான் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

13 ஜூலை 2025, ஞாயிறு

இன்று காலி வீதியில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பெறாமகனும் நானும் ஒரு சண்டையை மிக அருகில் பார்த்தோம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி முச்சக்கர வண்டியொன்றின் கண்ணாடியில் தட்டியது, அவ்வளவுதான் காரணம். இருவரும் இறங்கினார்கள். வாய்ச்சண்டை சற்று நேரம் நீண்டது. அடிதடி தொடங்கிய பின் எண்ணி மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. சைக்கிள்காரன் கழற்றிப் பிடித்திருந்த ஹெல்மெட்டை அதன் வாரிலே பற்றிச் சுழற்றி வீசினான். முச்சக்கர வண்டிக்காரர் குனிந்ததால் காதோரமாகப் பட்டது. அவர் கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தார். அவருடைய தலைக்கும் நடைபாதையின் கொங்கிரீட் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் இருந்திருக்கும். அதற்குள் தரிப்பிடத்திலிருந்து மற்றச் சாரதிகள் ஓடிவரவே, அடித்தவன் சைக்கிளைப் போட்டுவிட்டு மரைன் டிரைவ் பக்கமாக ஓடிவிட்டான்.

அங்கே நிலையும் இல்லை, இடைவெளியும் இல்லை, இருவர் மோதிப் பழகும் குமித்தேயில் நாங்கள் காட்டும் எதுவும் இல்லை. ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்தார்; கைக்கு எட்டியது ஆயுதமாயிற்று; ஆட்கள் அதிகமாக வந்த பக்கம் வென்றது. தெருவில் ஒரே குத்தில் இறந்துபோகிறவர்களில் பலரைக் கொல்வது அந்தக் குத்தல்ல, விழும்போது தலை தரையில் மோதுவதுதான். பிள்ளைகளுக்குக் குத்தக் கற்பிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்பங்கைக்கூட விழக் கற்பிப்பதற்கு நாங்கள் செலவிடுவதில்லை. ஓட்டுத் தரையில் விழப் பழக்கவும் முடியாது. சென்செய்யிடம் இதைப் பேசவேண்டும்.

24 ஜூலை 2025, வியாழன்

இந்தத் திகதியில் எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் குறைந்துவிடும். 1983இல் இதே நாளில் பொரளை கனத்தை மயானத்தைச் சுற்றித் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை, மறுநாள் நகரமெங்கும் பரவியது. எங்கள் பெரியப்பா இளமையில் ஜூடோ பழகியவர். தோள் அகன்ற, அச்சமற்ற மனிதர் என்று அம்மா சொல்வார். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்த கும்பலுக்கு முன்னால் அந்தத் தோள் எதற்கு உதவும்? அவரையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது, பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையும், வாசலில் நின்று இங்கே யாரும் இல்லை என்று சலனமின்றிச் சொன்ன அந்த வீட்டு அம்மாவும்தான். அதன் பின்னர் பெரியப்பா ஜூடோவைப் பற்றிப் பேசியதே இல்லையாம்.

பெறாமகன் இதைக் கேட்டுவிட்டுத் தன் நகரத்துக் கதையைச் சொன்னான். 1976 ஜூனில் சவுத்ஹோலில் குர்தீப் சிங் சகர் என்ற மாணவர் குத்திக் கொல்லப்பட்டபோதும், 1978 மே மாதத்தில் கிழக்கு இலண்டனில் அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி கொல்லப்பட்டபோதும், அங்கிருந்த தெற்காசிய இளைஞர் தெருவில் இறங்கியதை அவன் பாடசாலையில் படித்திருக்கிறான். அவர்கள் நின்று பிடித்ததும் கூட்டமாக நின்றதால்தான் என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினான்.

அண்ணாவின் கதை அவனுக்குப் புதிது. தொண்ணூறுகளில் அண்ணா கொழும்பில் கராத்தே பழகினார். வீட்டுப் பின்சுவரில் கயிறு சுற்றிய பலகையொன்றை அடித்து வைத்து நாள்தோறும் குத்துவார். முட்டிகளில் காய்ப்பு விழுந்திருந்தது. அக்காலத்தில் சோதனைச்சாவடிகளில் தமிழ்ப் பெடியன்களின் முழங்கையிலும் முழங்காலிலும் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புலிகளிடம் தவழ்ந்து பயிற்சி எடுத்தவன் என்று சொல்ல அது போதும். ஒரு மாலை அண்ணாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். கராத்தே என்று சொன்னார். எந்தக் கராத்தே என்று கேட்டார்கள். அன்றிரவு அவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் சென்செய் தம் சிங்களத்தையும் சங்கத்தின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். அம்மா பலகையைக் கழற்றி விறகாக்கினார். சான்றிதழ்களை அரிசி வாளிக்குள் வைத்தார். காய்ப்பு மென்மையாகும்வரை அண்ணா இரவில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தற்காப்புக்கென்று பழகிய கையே அவரைக் காட்டிக்கொடுத்தது.

27 ஜூலை 2025, ஞாயிறு

மாணவி ஒருத்தியின் தாயார் சட்டத்தரணி. வகுப்பு முடிந்த பின் பெரிய பிள்ளைகளுக்குச் சற்று நேரம் பேசும்படி அவரைக் கேட்டிருந்தேன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமையை வகுத்திருக்கிறது. 92ஆம் பிரிவு அதற்கு எல்லை கட்டுகிறது: காத்துக்கொள்வதற்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்புத் தேட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. தற்காப்புக்காகவே அடித்தேன் என்பதை நிறுவும் பொறுப்பு, சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, அடித்தவரையே சாரும். வந்தவன் திரும்பி ஓடும்போது கொடுக்கும் உதை தற்காப்பில் சேராது என்றதும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். தெருவில் வென்றவன் அடுத்துப் போவது பொலிஸ் நிலையத்துக்கு. 1987க்குப் பின் தமிழும் அரசகரும மொழிதான். ஆனாலும் என் பணப்பை பறிபோனபோது முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் வை என்றுதான் நீட்டினார்கள். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டதற்கே எரிச்சல் வந்தது. முறைப்பாட்டாளருக்கே இப்படியென்றால், மூக்குடைத்தவன் என்று கொண்டுபோய் நிறுத்தப்படும் தமிழ்ப் பையனின் வாக்குமூலம் எப்படி எழுதப்படும் என்பதை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். பெற்றோர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளைக் கோழையாக்குகிறீர்கள் என்றார். இருக்கட்டும்.

30 ஜூலை 2025, புதன்

அக்கரைப்பற்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர், கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வழங்கும் சீனடியில் தம் வாப்பப்பா (பாட்டனார்) பழக்கிய சில வரிசைகளை இன்று செய்து காட்டினார். பிறகு சிலம்படிக்குக் கம்பை எடுத்தார். நெற்றி உயரக் கம்பு சுழலும்போது எழும் சத்தத்தில் சிறுவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இன்று கலியாண வீட்டிலும் ஊர்வலத்திலும் காட்டுகிற கலையாகவே அது பெரும்பாலும் நிற்கிறது என்றார். தோட்டத் தொழிலாளராகக் கப்பலேறிய தமிழர் மலாயாவுக்குக் கொண்டுபோன சிலம்பத்துக்கு இன்று அங்கே சங்கமும் போட்டியும் புள்ளிக் கணக்கும் உண்டு. 2000இல் தேக்குவாண்டோவுக்கும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேக்கும் பதக்கம் கொடுத்தார்கள். 2024இல் நடந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேயை எடுத்துவிட்டார்கள். தெருவை விட்டு விலகி மேடைக்கு வந்த கலைகளை இழந்தவையாகச் சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. மேடையில் எவருடைய மண்டையும் உடைவதில்லையே.

2 ஆகஸ்ட் 2025, சனி

சென்செய் இணங்கிவிட்டார். சனிக்கிழமை வகுப்பின் முதல் அரைமணி நேரம் இனி விழுவதற்கும் உருள்வதற்கும் ஒதுக்கப்படும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலை தரையைத் தொடாமல், உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகத் தரையில் அறையும்படி விழ வேண்டும். இதற்கு ஜூடோ மெத்தைகள் வேண்டும். தெகிவளையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் பழையவற்றை வாடகைக்குத் தர முன்வந்திருக்கிறது. பிடியிலிருந்து கழன்று ஓடுவதைப் பெறாமகன் ஊர் திரும்பும்வரை கற்பிக்கிறான். ஓடுவதற்காகக் கற்பிப்பதாக அவன் ஒத்துக்கொள்ளவில்லை, 'எஸ்கேப்' என்று சொல்கிறான். முதல் வகுப்பில் என்னிடம் விடப்பட்ட அந்தப் பையன் இன்று மெத்தை இல்லாமலே அவனிடமிருந்து மணிக்கட்டை உருவிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தான்.

வாடகையைச் சங்கத்தின் பணத்திலிருந்து எடுப்பதா, பெற்றோரிடம் கேட்பதா என்பது முடிவாகவில்லை. பதாகையை மாற்றும் பேச்சை எடுத்தபோது, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சேருகிறார்கள் என்று சென்செய் சொல்லிவிட்டார்.