இடக்கை நாட்கள்

அக்டோபர் 12, மஞ்சக்குப்பம்

வலக்கை மாவுக்கட்டு நனையக்கூடாதாம். மழை விட்டபாடில்லை.

அக்டோபர் 13

என் லேப்டாப்பில் விண்டோக்களை அடுக்கிவைக்கும் புரோகிராம் ஐ3. அதில் விண்டோக்களை மாற்ற மவுஸ் வேண்டியதில்லை, எல்லாம் கீபோர்டிலேயே முடிகிறது. மேப்பில் பெருமாள் ஏரியை வரைய மட்டும் மவுஸ் அம்பு வேண்டும், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கிளிக். டச்பேடில் இடக்கையை வைத்தால் கோடு எங்கோ ஓடுகிறது.

அதனால் ஐ3-யில் ஒரு தனி மோட் எழுதினேன், அதற்குள் போனால் எழுத்துச் சாவிகள் அம்பை நகர்த்தும். எச், ஜே, கே, எல் நான்கும் வலக்கைக்காரர்களின் சாவிகள். எனக்கு ஏ இடம், எஸ் கீழே, டி மேலே, எஃப் வலம், நாற்பது பிக்சல் வீதம். அடுத்த வரிசையில் இசட், எக்ஸ், சி, வி அதே திசைகளுக்கு இரண்டு பிக்சல் வீதம். கிளிக்குக்கு ஸ்பேஸ்.

வலப்பக்கம் போன அம்பு இடப்பக்கம் திரும்பவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகுதான் பிடிபட்டது: கழித்தல் எண்ணில் வரும் குறியை, அம்பை நகர்த்தும் கட்டளையான எக்ஸ்டூடூல் ஒரு ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணுக்கு முன்னால் தனியாக -- போட்டேன். நகர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கை சரியானதும் செய்யக்கூடாதாம்மா?”

அவர்தான் மூன்று நாளாகப் பெருமாள் ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 14

வலி. எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 16

கீபோர்டாலேயே அம்பை நகர்த்தும் கீநேவ் என்ற புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்டூடூல் எழுதிய ஜோர்டன் சிசல்தான் இதையும் எழுதியவர். திரையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகிறது. என் திரை 1366-க்கு 768. குறுக்கே ஆறு, நெடுக்கே ஐந்து, ஆக 11 வெட்டில் 21-க்கு 24 பிக்சல் கட்டம் மிஞ்சும். பட்டனை அமுக்க அது போதும், ஏரிக்கரைக்குப் போதாது. தூரத்துக்குக் கீநேவ், கடைசி நூலளவுக்கு என் மோட் என்று வைத்துக்கொண்டேன். கீநேவின் சாவிகளும் வலப்பக்கமே. கான்ஃபிக் ஃபைலின் முதல் வரியில் கிளியர் என்று போட்டு எல்லாவற்றையும் அழித்து, இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த ஒரு வரி எழுதும்போது மனசு லேசாக இருந்தது.

இடது கட்டைவிரல் மட்டும் இரவெல்லாம் விண்விண் என்றது. இந்தக் கையும் போய்விட்டால்?

அக்டோபர் 17

தம்பி லேப்டாப்பில் ஐ3 இல்லை, அதே மாதிரி வேலேண்டில் ஓடும் ஸ்வே. என் வரிகள் அங்கே செல்லவில்லை. வேலேண்ட் என்ற இந்தத் திரை முறையில் ஒரு புரோகிராம் இஷ்டத்துக்கு அம்பைப் பிடித்து இழுக்க முடியாது. ஸ்வேயிடமே கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. அவன் போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம், நானே போடுகிறேன்.

அக்டோபர் 19

கரண்ட் போய்ப் போய் வருகிறது. கெடிலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகப் பால்காரர் சொன்னார்.

அக்டோபர் 20

மேப் வரையும் புரோகிராமான ஜோஸ்மில் கோடு போட ஏ அமுக்க வேண்டும். என் மோட் ஏ-யை இடப்பக்கத்துக்குப் பிடுங்கிக்கொள்கிறது. முதலில் ஜோஸ்மில் ஏ, பிறகு மோட். இந்த வரிசை கைக்கு வர ஒரு மணி நேரம்.

வந்தபின் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “இன்னும் கொஞ்சம் கிழக்கே. அங்கதான் கரை ஒடியும். நாங்க மாடு குளிப்பாட்டின இடம்.” எஃப், எஃப், வி, வி, ஸ்பேஸ். அவர் சொல்லச் சொல்ல அம்பு கரைமேல் நடந்தது. முப்பத்தியொரு புள்ளி. நடுவில் அவர் பேசவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 21

நாளை மறுநாள் கட்டுப் பிரிக்கிறார்கள். கட்டைவிரல் தேவலை.

அக்டோபர் 22

தெற்குக் கரை, பதினேழு புள்ளி. மதகு சாட்டிலைட் படத்தில் மரத்துக்கு அடியில் மறைந்திருக்கிறது. அப்பா எழுந்ததும் கேட்க வேண்டும்