ரெண்டு புள்ளி சிக்னல்

நேற்று சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து திரும்பும்போது, எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே இருக்கும் ரோட்டு வளைவில் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண் ஸ்வெட்டர்மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையில் அறிவியல் புத்தகம், இன்னொரு கையில் அம்மாவின் போன். பாடத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வந்திருக்கிறாள். "வீட்ல ஒண்ணுமே வராதுண்ணா, இங்கதான் ரெண்டு புள்ளி வரும்." மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. காட்டெருமை வரும் நேரம் வேறு.

2018-ல் புதுப் பாடப்புத்தகத்தில் இந்த க்யூஆர் கோடு வந்தபோது சந்தோஷப்பட்டவன்தான் நானும். ஆனால் 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில், கம்ப்யூட்டர் வெறும் 4.4 சதவீதத்தில். அதற்கப்புறம் போன் நிறைய வந்துவிட்டது, சரி. அந்தப் போன் காலையிலேயே அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்விடுகிறதே, திரும்பி வரும்போது சார்ஜ் பத்து பர்சென்ட்.

இன்னொன்று. ரீல்ஸ் தள்ளத் தெரிந்த பிள்ளைக்கு, டவுன்லோட் செய்தது எங்கே போய் உட்காரும் என்று தெரியவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஃபைல்களுக்குள் போய்க் காட்டினேன். போன வாரமே இறக்கிய அதே பாட வீடியோ மூன்று தடவை அங்கே கிடந்தது.

"இதுக்காண்ணா தினமும் வந்து குளிர்ல நின்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.