கருங்காலியில் எது கால்?

கழுத்துக்குக் கழுத்து கருங்காலி மாலை தொங்கும் காலமிது. அந்தப் பெயரில் இருக்கும் கால், அடிமரம். சங்கப் பாட்டில் ‘கருங்கால் வேங்கை’ வருகிறதே, அதே கால்தான். ஆனால் மரத்தை வெட்டிப் பார்த்தால் வெளிச்சுற்று வெளிறித்தான் இருக்கும். கன்னங்கரேல் என்றிருப்பது உள்ளே உள்ள வயிரம், அதாவது முற்றிய நடுக்கட்டை. தண்ணீரில் போட்டால் அது மூழ்கிவிடும், அவ்வளவு கனம். அந்தக் காலத்தில் உலக்கைக்கு இதைத் தேடியது சும்மா இல்லை.

கருங்காலியின் ஆங்கிலப் பெயரான ‘எபனி’ வந்த வழி வேறு. எகிப்தியர் ‘ஹெப்னி’ என்றார்கள், கிரேக்கத்தில் அது ‘எபெனோஸ்’ ஆனது, லத்தீன் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், பழைய எகிப்தியரின் எபனி நம் கருங்காலியே இல்லை. அது ஆப்பிரிக்க மரம், நம் ஊர் ஈட்டி மரத்துக்கு உறவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலிக்கோ பீடி இலை மரம்தான் பங்காளி!

சித்த மருத்துவத்தில் கருங்காலி என்றால் இன்னொன்று: வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி எடுக்கும் முள்மரம். ஆக, மாலை வாங்குகிறவர்கள் எந்தக் கருங்காலி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், வேலைநிறுத்தத்தை உடைப்பவரைத் திட்டும் கருங்காலி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று காரணம் சொல்வார்கள். ஆங்கிலத் தொழிற்சங்க வசவான ‘பிளாக்லெக்’கிலும் அதே கறுப்புக் கால் இருப்பதால், எனக்கென்னவோ அதன் மொழிபெயர்ப்புதானோ என்று சந்தேகம்.