நோட்டில் காலியாக இருந்த கட்டம்

அப்பாவிடம் ஒரு பாட்டு நோட்டு உண்டு. மளிகைக் கடையில் கணக்கு எழுதுவார்களே, அந்த நீள நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண், பாட்டு, படம், இசை, பாடியவர்கள், சுருதி என்று ஆறு கட்டம் பிரித்திருப்பார். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழாவுக்கு அவருடைய குழு போனாலும் அந்த நோட்டும் கூடவே போகும். அறிவிப்பாளர் மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டுதான், "அடுத்த பாடல், இசை இன்னார், பாடியவர்கள் இன்னார்" என்று மைக்கில் சொல்வார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது அப்பா அவரைப் பிடித்துக்கொள்வார். ட்யூன் போட்டவன் பெயரைச் சொல்லாமல் வாசிப்பது, அழைக்காத வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதைப் போல என்பார்.

அந்த நோட்டில் வரிசை எண் 143: லம்பாடா. படம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பாடியவர்கள் என்ற இடத்தில் 'வாத்தியம் மட்டும்'. சுருதி, ஏ மைனர். இசை என்ற கட்டம் மட்டும் காலி.

1990-ல் துபாயிலிருந்து வந்த ஒரு கேசட் வழியாகத்தான் அந்தப் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரே ராத்திரியில், கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அக்கார்டியனில் அதைப் பிடித்துவிட்டார். பழைய அக்கார்டியன், துருத்தியின் மூலைகள் கிழிந்து, பழைய கைப்பையிலிருந்து வெட்டிய தோல் துண்டுகளை ஒட்டியிருந்தார். இழுக்கும்போது 'ஹா' என்று ஒரு மூச்சு சத்தம் வரும், அப்புறம்தான் சுரம் வரும். அந்த மூச்சு கேட்டதுமே மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லாரும் எழுந்துவிடுவோம். ஜெனரேட்டர் மாற்றும் நேரம், பாடகி வந்து சேராத நேரம் என்று எந்த இடைவெளி வந்தாலும் லம்பாடாதான். டிரம்ஸும் காங்கோவும் சேர்ந்தால் பெரியவர்கள்கூட நாற்காலியில் இருந்தபடியே தோளை ஆட்டுவார்கள். என் சின்ன வயதின் மொத்த சந்தோஷத்துக்கும் ஒரு ட்யூன் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

அந்தக் காலிக் கட்டம் நிரம்பக் காரணம் என் மகன். முழங்கால் வலியால் அப்பா மேடை ஏறுவதை விட்ட பிறகு, ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து லம்பாடாவை வாசித்துக்கொண்டிருந்தார். பையன் எட்டிப் பார்த்து, "தாத்தா, இது ஜெனிஃபர் லோபஸ் பாட்டாச்சே" என்றான். 2011-ல் வந்த 'ஆன் த ஃப்ளோர்' பாட்டைச் சொல்கிறான். போட்டுக் காட்டினான். ஆமாம், அதே ட்யூன்தான் உள்ளே ஓடுகிறது. சரி, அந்தப் பாட்டை எழுதியவர்கள் யார் என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். நீளமான பட்டியல். நடுவில் இரண்டு பெயர்கள்: கொன்சாலோ ஹெர்மோசா, உலிசெஸ் ஹெர்மோசா. ஒரே குடும்பப் பெயர். அண்ணன் தம்பியாக இருப்பார்களோ என்று தேட ஆரம்பித்து, இரவு பன்னிரண்டு மணிக்கு பொலிவியாவில் போய் நின்றேன்.

பொலிவியாவின் கொச்சபாம்பா பகுதியைச் சேர்ந்த குழு, லோஸ் கார்காஸ். ஆண்டீஸ் மலை மக்களின் இசையை வாசிப்பவர்கள். நாணல் குழல்களை வரிசையாகக் கட்டிய சம்போனியா, சின்ன கிட்டார் மாதிரி இருக்கும் சராங்கோ, தோலில் அடிக்கும் பெரிய போம்போ மேளம், இவைதான் அவர்களுடைய வாத்தியங்கள். 1981-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் 'யொராந்தோ சே ஃபுவே' என்று ஒரு பாட்டு. ஸ்பானிய மொழியில் 'அழுதுகொண்டே போய்விட்டாள்' என்று அர்த்தம். அழுதபடி போனவள் என்னைத் தனியாக விட்டுப் போனாள், இந்தக் காதலை அவளும் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள் என்று போகிற பாட்டு.

நான் முப்பது வருஷமாக ஆடிய ட்யூன் இது. அந்தக் குழல் சத்தத்தில் நிதானமாக அது வந்தபோது கண் கலங்கிவிட்டது. ட்யூனின் முதல் வரியைப் பாருங்கள்: ப ம க ரி ச. பஞ்சமத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கி ஷட்ஜத்தில் உட்காருகிறது. உட்கார்ந்த வேகத்தில் காந்தாரம் வரைக்கும் ஒருமுறை எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை, மறுபடி சரிந்து கீழ் பஞ்சமம் வரைக்கும் போய்விடுகிறது. அழுகிறவர்களின் குரல் இப்படித்தானே போகும்? அவ்வளவு நாளும் அது என் காதிலேயே இருந்திருக்கிறது. டிரம்ஸ் சத்தத்தில் நான்தான் கவனிக்கவில்லை.

இந்த அழுகை எப்படி ஆட்டமானது என்பதற்கு நடுவில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. முதலாவது பெரு. குவார்தெத்தோ கொன்டினென்டல் என்ற குழு 1984-ல் இதை கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்டத் தாளத்தில், வேகத்தைக் கூட்டிப் போட்டார்கள். இந்தப் பாட்டுக்குள் அக்கார்டியன் நுழைந்தது அங்கேதான். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் அழகு. ஆடவும் முடிகிறது, அந்தத் துக்கமும் கையை விட்டுப் போகவில்லை. அப்புறம் பிரேசில். 1986-ல் மார்சியா ஃபெரேய்ரா என்ற பாடகி, ஜோசே அரி என்பவரோடு சேர்ந்து, முறையாக அனுமதி வாங்கிப் போர்த்துகீசிய மொழியில் எழுதிப் பாடினார். வரியின் சாயல் இங்கே கொஞ்சம் மாறிவிட்டது. ஒருகாலத்தில் என்னை அழவைத்த ஆள் இன்று அழுதுகொண்டு போகிறான் என்று ஆகிவிட்டது. பழைய பாட்டில் பிரிவுதான் இருந்தது, இதில் கொஞ்சம் ரோஷமும் சேர்ந்துகொண்டது. லம்பாடா என்ற ஆட்டம் ஏற்கெனவே வடக்கு பிரேசிலில் இருந்ததுதான். அந்த ஆட்டத்துக்கு இந்த ட்யூன் அப்படியே பொருந்திப்போனது.

பிரான்ஸிலிருந்து பிரேசில் கடற்கரைக்குப் போன ஒலிவியே லோர்சாக் என்பவர் அந்த ஆட்டத்தைப் பார்த்து, இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனால் ஓடும் என்று கணக்குப் போட்டார். பாரிஸில் கவோமா என்று ஒரு குழு உருவானது. செனகல் நாட்டவர்களின் டூரே குண்டா இசைக்குழுவில் வாசித்தவர்களும் அதில் இருந்தார்கள். பாடியவர் பிரேசில்காரரான லோவால்வா பிராஸ். 1989 கோடையில் 'லம்பாடா' வெளிவந்தது. பாயியா கடற்கரையில் எடுத்த வீடியோவில் ஒரு சின்னப் பையனும் சின்னப் பெண்ணும் ஆடுவார்கள், பார்த்தவர்களுக்கு மறக்காது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியும் ஒரு குளிர்பான நிறுவனமும் சேர்ந்து தள்ளியதில், பிரான்ஸில் 12 வாரம் முதலிடம். உலகம் முழுக்கப் பல லட்சம் பிரதிகள் விற்றன. எங்கள் வீட்டுக்கு வந்த கேசட்டில் இருந்ததும் இதுதான்.

அந்த இசைத்தட்டில் பாட்டை எழுதியவர் என்று போட்டிருந்த பெயர் சிக்கோ தெ ஒலிவேய்ரா. லோர்சாக்கின் புனைபெயர் அது. ஹெர்மோசா சகோதரர்கள் பெயர் இல்லை, மார்சியா ஃபெரேய்ரா பெயரும் இல்லை. படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆட்டமாக மாற்றியதில் எனக்குக் குறையே கிடையாது. மாற்றியிராவிட்டால் திண்டுக்கல் பக்கத்து மணலில் நான் ஆடியிருக்க முடியுமா? பெயரை அழித்ததுதான் பொறுக்கவில்லை. நல்லவேளை, சகோதரர்கள் விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அதனால்தான் ஜெனிஃபர் லோபஸ் பாட்டின் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது, அதனால்தான் எனக்கும் கிடைத்தது. உலிசெஸ் ஹெர்மோசா 1992-லேயே இறந்துவிட்டார் என்று படித்தபோது, தெரிந்தவர் வீட்டுத் துக்கச் செய்தி போலவே இருந்தது. லோவால்வா பிராஸின் முடிவு அதைவிடக் கொடுமை; 2017 ஜனவரியில் ரியோ தெ ஜெனிரோ மாநிலத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கணீர்க் குரலை இப்போதெல்லாம் அது நினைவுக்கு வராமல் கேட்க முடிவதில்லை.

மறுநாள் அப்பாவுக்கு காபி கொடுத்துவிட்டு, "அப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று 1981 பாட்டைப் போட்டேன். முதல் வரியிலேயே, "நம்ம லம்பாடா" என்று சிரித்தார். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"பாப்பா, இது அழுகைப் பாட்டா?"

"ஆமாப்பா."

"இத்தனை கல்யாண வீட்டுல வாசிச்சிருக்கேனே."

அதற்கு நான் என்ன சொல்ல? பெரு நாட்டுப் பாட்டைப் போட்டேன். அக்கார்டியன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன் நம்ம ஆளு" என்றார். பிறகு அவராகவே போய்ப் பெட்டியைத் திறந்து அக்கார்டியனை எடுத்தார். அதே 'ஹா' மூச்சு. ஆனால் இந்த முறை காலில் தாளம் இல்லை. ஈ-யை நீளமாகப் பிடித்து, துருத்தியை மெதுவாக இழுத்து, டி, சி, பி என்று ஒவ்வொரு வெள்ளைக் கட்டையாக, அவசரமே இல்லாமல் இறங்கி ஏ-யில் போய் நிறுத்தினார். அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்து, "என்ன பாட்டு இது, புதுசா இருக்கு" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

வாசித்து முடித்துவிட்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். 143-ஆம் வரியைத் தேடி எடுத்தார். பெயர்களை நான் சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டி நீல மையில் எழுதினார். 'கொன்சாலோ ஹெர்மோசா' என்று எழுதியதும் கட்டம் முடிந்துவிட்டது. தம்பி பெயரைப் பக்கத்துக் கட்டத்தில், 'வாத்தியம் மட்டும்' என்பதற்கு மேலே, பொடி எழுத்தில் எழுதினார். "ஊர்?" என்றார். "பொலிவியா" என்றேன். அதற்கு இடமில்லாமல் ஓரத்து மார்ஜினில், நோட்டைத் திருப்பி வைத்து, நெட்டுக்குத்தாக எழுதினார்.