சூடேறும் படலமும் 605 நனோமீற்றர் தோளும்

வந்தாறுமூலை, சம்மாந்துறை பல்கலைக்கழக வளாகங்களில் இறுதி வருடச் செய்திட்டத்துக்கு சேதனக் குறைகடத்திப் (காபன் சேர்வையால் ஆன குறைகடத்தி) படலம் செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு.

பி3எச்டி (P3HT என்ற குறைகடத்திப் பல்பகுதியம்) படலத்தைச் சூடாக்கினால், அதன் ஒளி உறிஞ்சல் வரைபில் 605 நனோமீற்றருக்குக் கிட்ட உள்ள தோள் (உச்சியை ஒட்டிய சிறு புடைப்பு) முதலில் தாழும். 550க்குக் கிட்ட உள்ள உச்சி குறுகிய அலைநீளப் பக்கம் நகரும். மூலக்கூற்றுச் சங்கிலிகள் முறுகி, இலத்திரன் பரவும் நீளம் குறைவதுதான் காரணம். உருகுநிலையை நெருங்கும்போது ஊதாச் சிவப்பு செம்மஞ்சளாகவே மாறிவிடும். பார்க்க அவ்வளவு அழகு! ஆறினால் பழைய நிறம் வரும்.

வராமல் மொத்த உறிஞ்சலும் குறைந்தே கிடந்தால், அது ஒட்சியேற்றம். நைதரசன் ஓட்டத்தில் அளவிடுங்க; அளவீட்டுக்கு நடுவில் ஒளியை மறைத்து வையுங்க.

முதல் சூடேற்றத்தின் தரவை நம்பாதீங்க. புதிதாகப் பூசிய படலத்தில் மிஞ்சிய கரைப்பானான குளோரோபென்சீன் வெளியேறி, சங்கிலிகள் ஒழுங்காகப் படியும். அதனால் அந்த முதல் தடவை மட்டும் தோள் தாழாமல் உயரும். 140 பாகை செல்சியஸில் 10 நிமிடம் பதப்படுத்தி, மெதுவாக ஆறவிட்டுத் தொடங்குங்க.

வெறுங் கண்ணாடியின் அடிக்கோட்டை (படலம் இல்லாமல் எடுக்கும் ஒப்பீட்டு அளவீடு) ஒவ்வொரு வெப்பநிலையிலும் தனியாக எடுக்க வேணும். வெப்பமானி படலத்தின் பக்கம் தொடட்டும்; சூடேற்றும் தட்டின் திரை காட்டும் எண் படலத்தின் வெப்பநிலை இல்லை.

குளிராக்கி அளப்போர் கவனம்: நம்ம கடற்கரைக் காற்றில், 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், 25 பாகையிலேயே பனித்துளி படியும். சிதறும் ஒளி உறிஞ்சலாகப் பதிவாகும். 750 நனோமீற்றருக்கு அப்பால் கோடு உயர்ந்திருந்தால் அதுதான் அடையாளம்.