அப்பாவின் பக்கிக்கு வி8 எஞ்சின்: எட்டாவது மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிக்கப் வண்டியை எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள், ஆப்பிரிக்கான்ஸ் வார்த்தை. தமிழில் பக்கி என்றால் என்னவென்று தெரிந்த ஆயா மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிக்கும். இந்த எட்டு மாதத்தில் இது தின்ற பணத்தைப் பார்த்தால் தமிழ் அர்த்தம்தான் பொருத்தம்.

வண்டி 1986 டொயோட்டா ஹைலக்ஸ். சாட்ஸ்வொர்த்திலிருந்து அப்பா இருபது வருடம் காய்கறி ஏற்றியது. உள்ளே இருந்த 4ஒய், 2.2 லிட்டர் கார்ப்புரேட்டர் எஞ்சின், புகையாகக் கக்க ஆரம்பித்ததும் அதைக் கழற்றிவிட்டு லெக்சஸ் எல்எஸ்400இன் 1யூஇசட், 4 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை, அதோடு ஒட்டியே வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியோடு வாங்கினேன். இங்கே நிறையப் பேர் செய்வதுதான், புதுமை ஒன்றும் இல்லை.

புது எஞ்சினை உள்ளே இறக்கியது ஒரே சனிக்கிழமையில். மவுண்ட் வெல்டிங், பெட்டியைத் தாங்கப் புது கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்), பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ணியது எல்லாம் சேர்த்து மூன்று வாரம். பழைய பெட்ரோல் பம்ப் கார்ப்புரேட்டருக்குத்தான் போதும், புது எஞ்சினின் இன்ஜெக்ஷனுக்கு அழுத்தம் பத்தாது, அதனால் மின்சார பம்ப். மேனுவல் கியர் வண்டியின் ரேடியேட்டரில் ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய்க்கு கூலர் கிடையாது, அதையும் தனியாக வைத்தேன்.

"ஸ்டார்ட்டரைப் பிரிச்சுப் பார்த்தியா தம்பி?" என்று எஞ்சினை உள்ளே வைக்கும் முன்பே மாமா கேட்டார். ஓடின எஞ்சின்தானே மாமா என்றேன். சாவியைத் திருப்பினால் டிக். மறுபடி டிக். இந்த எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கவாட்டில் இல்லை, இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கூலண்டை வடித்து, மேனிஃபோல்டைக் கழற்றி, இரண்டு நாள். கடைசியில் பார்த்தால் உள்ளே இருந்த செப்புத் தகடு இரண்டும் நகம் கடித்த மாதிரி தேய்ந்திருந்தன. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் ஓடியது. ஆனால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் ஊ என்று கத்தும், வண்டி யோசிக்கும். கியர் பெட்டியின் டிப்ஸ்டிக்கை உருவினால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கடுந்தேநீர் நிறம், கருகிய வாடை. காரணம் ஒரு கேபிள். கியர் எப்போது மாற வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு எண்ணெய் அழுத்தத்தில் இறுக்க வேண்டும் என்பது த்ராட்டிலிலிருந்து வரும் இந்தக் கேபிளைப் பொறுத்தது. தளர்ந்தால் அழுத்தம் குறைந்து தட்டு வழுக்கும், கருகும். கேபிளில் நசுக்கி வைத்த ஒரு குட்டி உலோக மணி இருக்கிறது, ரப்பர் உறையின் வாயிலிருந்து அது 1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். என்னுடையது ஒரு விரற்கடை தள்ளி. இரண்டு நட்டு, பத்து நிமிடம், புது எண்ணெய், சரியாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் பெட்டியைப் பிரிக்கலாம் என்று சொன்ன நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எஞ்சின் எண் மாறியதால் போலீஸ் கிளியரன்ஸ், ரோட்வொர்த்தி என்கிற சாலைத் தகுதிச் சான்று இரண்டும் இன்னும் பாக்கி. அதுவரை எங்கள் முற்றமும் கேட் போட்ட சந்தும்தான்.

நேற்று அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். பெரிய பிரேக் போட வேண்டும், இந்த வேகத்துக்குப் பழசு பத்தாது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் சந்து முனையில் பழக்க தோஷத்தில் இடது காலால் இல்லாத கிளட்ச் பெடலை ஓங்கி மிதித்தார். மிதிபட்டது பிரேக். என் நெற்றி கண்ணாடியில்.

"பழைய பிரேக்கே நல்லாத்தான் பிடிக்குது," என்றார்.